பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் சேம்பர் நீளத்தை அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாத்தா காலத்து 12 போர் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கும் (போர் என்பது குழலின் உள்ளளவைச் சொல்லும் எண்). லைசென்ஸில் டி.பி.பி.எல். (இரட்டைக்குழல், பின்பக்கம் தோட்டா போடும் வகை) என்று நாலெழுத்து, அதற்கு மேல் அதைப் பற்றி வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கடையில் போய்த் தோட்டா கேட்டால் கடைக்காரர் "அறுபத்தஞ்சா, எழுபதா?" என்று மில்லிமீட்டர் கணக்கில் நீளத்தைக் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடுகிறவர்களுக்காக எழுதியது இது. அளப்பதற்கு முன் ஒரு வேலை: துப்பாக்கியைத் திறந்து, இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் பாருங்கள். "நேத்துதான் பார்த்தேன்" என்பதெல்லாம் கணக்கில் சேராது.

சேம்பர் என்பது சரியாக எது?

தோட்டா போய் உட்காரும் இடம். குழலின் பின்முனையில், மற்ற பகுதியைவிடச் சற்று அகலமாகக் கடைந்திருப்பார்கள். 12 போரில் சேம்பரின் முன்முனை விட்டம் ஏறத்தாழ 20.27 மி.மீ. அதற்கு முன்னால் போகும் குழலின் உள்விட்டமோ 18.5 மி.மீ. அகலத்திலிருந்து குறுகலுக்குப் போக நடுவே ஒரு சரிவு உண்டு. ஃபோர்சிங் கோன் என்று பெயர். இங்கே கூம்பு என்றே சொல்லிக்கொள்வோம். குழலின் பின்முகத்திலிருந்து இந்தக் கூம்பு தொடங்கும் இடம் வரை உள்ள தூரம்தான் சேம்பர் நீளம். தோட்டாவின் பித்தளை விளிம்பு பதியும் பள்ளமும் இதில் சேர்த்தி. அதை விட்டுவிட்டு அளந்தால் கிட்டத்தட்ட 2 மி.மீ. குறையும்.

70 மி.மீ. தோட்டா சுலபமாக உள்ளே போகிறது, துப்பாக்கியும் மூடுகிறது. அப்புறம் என்ன பிரச்சினை?

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான்.

பெட்டியில் 70 என்று போட்டிருப்பது உங்கள் கையில் இருக்கும் தோட்டாவின் நீளம் அல்ல. சுட்டு முடித்து, வாய் விரிந்து கிடக்கிற காலிக் கூட்டின் நீளம். சுடாத தோட்டாவை வெர்னியரில் வைத்துப் பாருங்கள். முனை நட்சத்திரம்போல் மடிந்த 70 மி.மீ. தோட்டா 60 மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். அதனால் 65 மி.மீ. சேம்பரில் ஒரு தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். துப்பாக்கி டக்கென்று மூடும்.

சுடும்போதுதான் வினை. மடித்துக் கட்டிய வேட்டி அவிழ்ந்து கணுக்காலுக்கு இறங்குவதுபோல அந்த மடிப்பு முன்பக்கம் விரிகிறது. சேம்பர் நீளம் போதுமானால் கூட்டின் வாய் சேம்பருக்குள்ளேயே விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ரவை என்கிற ஈயக் குண்டுகளும், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் வாட் என்ற அடைப்பும் தடையில்லாமல் போகும். சேம்பர் குட்டை என்றால் வாயின் கடைசி ஐந்தாறு மில்லிமீட்டர் கூம்புக்குள் போய் விரிய வேண்டியிருக்கிறது. அங்கே ஏற்கெனவே இடம் குறுகல். கூட்டின் சுவரும் சேர்ந்து இன்னும் குறுக்க, முப்பது கிராமுக்கு மேற்பட்ட ஈயம் அந்தச் சந்துக்குள் நெருக்கிக்கொண்டு போகிறது. பின்னால் அழுத்தம் ஏறுகிறது.

இன்னொன்றும் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. இன்றைய 70 மி.மீ. தோட்டா இன்றைய துப்பாக்கிக்காக அடைத்தது. சாதாரண 12 போர் தோட்டாவுக்கு ஐரோப்பியச் சோதனை அமைப்பான சி.ஐ.பி. வைத்திருக்கும் உச்ச அழுத்த வரம்பு 740 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). 1910-இல் செய்த துப்பாக்கி சோதிக்கப்பட்டது அதைவிட மென்மையான தோட்டாவை மனதில் வைத்து. கூம்பில் கூடு நெருக்குவதால் ஏறும் அழுத்தம் பெரிதா, தோட்டாவே கனமாக இருப்பது பெரிதா என்று துப்பாக்கிக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடுகிறார்கள். இரண்டாவதுதான் பெரிது என்பது என் எண்ணம். ஆனால் 70-ஐ 65-இல் போடுகிறவருக்கு இரண்டும் ஒன்றாகத்தானே வந்து சேருகிறது.

ஒரே சூட்டில் குழல் வெடித்துவிடும் என்று பயமுறுத்த வரவில்லை. பெரும்பாலும் வெடிக்காது. வெடிக்காததால்தான் "நான் இருபது வருஷமா போடுறேன்" என்று சொல்ல ஆள் கிடைக்கிறார். நூறு வருடக் கட்டை பூட்டுக்குப் பின்னால் விரிசல் விடுவதும், குழல் பூட்டோடு இறுகி நிற்காமல் ஆட்டம் காண்பதும் மெதுவாக நடக்கும் காரியங்கள்.

மடிப்பு இல்லாமல், வாயில் அட்டை வைத்துச் சுருட்டிய பழைய தோட்டா?

அது மடிப்புக்கு எடுத்துக்கொள்ளும் நீளம் குறைவு. அதனால் சுடாத நிலையிலேயே நீளமாகத் தெரியும். இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி "இதுதான் பெருசு" என்று முடிவு கட்டக் கூடாது.

நீளம் துப்பாக்கியிலேயே பொறித்திருக்குமா? எங்கே பார்ப்பது?

முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியே எடுங்கள். குழலின் அடியில், பின்முனையை ஒட்டி, இரண்டு பக்கமும் தட்டையான பரப்பு இருக்கும். முத்திரைகள் எல்லாம் அங்கேதான். துப்பாக்கியைப் பூட்டியபின் வெளியே தெரியாத இடம் என்பதால் துருவேறாமல் இருந்தால் எழுத்து பளிச்சென்று இருக்கும். கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது இன்னும் வசதி.

நம் பக்கம் கிடைக்கும் பழைய துப்பாக்கிகளில் பெரும்பங்கு இங்கிலாந்தில் செய்தவை. இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் மேல்பட்டையில் மெட்ராஸ், கல்கத்தா கடைகளின் பெயர் இருக்கலாம். அது விற்றவர் பெயர். செய்தது பெரும்பாலும் பர்மிங்ஹாமில். இங்கிலாந்தில் துப்பாக்கியைச் சோதித்து முத்திரையிட இரண்டு சோதனைக் கூடங்கள்: லண்டனில் ஒன்று, 1637-இல் அரச சாசனம் பெற்ற துப்பாக்கி செய்வோர் சங்கத்தினுடையது, 1813-இல் சட்டம் போட்டு அமைத்த பர்மிங்ஹாம் கூடம் இன்னொன்று. விதிகள் அவ்வப்போது மாறின. அந்த மாற்றங்களை வைத்தே காலத்தையும் கணிக்கலாம்.

1887-இலிருந்து ஒரு சாய்சதுரத்துக்குள் 12 என்ற எண்ணும் சி என்ற எழுத்தும் இருக்கும். சேம்பர் 12 போர் என்று அர்த்தம். நீளத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. எல்.சி. என்று இரண்டெழுத்து இருந்தால் மட்டும் நீண்ட சேம்பர். 1925 விதிகள் வந்த பிறகுதான் நீளத்தையும் பொறிக்கத் தொடங்கினார்கள்: 2½ அங்குலம், 2¾ அங்குலம் என்று. பக்கத்தில் நைட்ரோ ப்ரூஃப் (புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது) என்ற சொல்லும், 1⅛ அவுன்ஸ் என்று ரவை எடையும் இருக்கும். 1954-க்குப் பிறகு ரவை எடை போய், சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்று அழுத்தம் வந்தது. 2½ அங்குலச் சேம்பருக்கு 3 டன், 2¾-க்கு 3¼ டன் என்பது வழக்கமான ஜோடி.

ஆக, 1925-க்கு முன் செய்த துப்பாக்கியில் நீளம் தேடி ஏமாற வேண்டாம். இருக்காது. அந்தக் காலத்து 12 போர் ஆங்கிலத் துப்பாக்கி என்றால் 2½ அங்குலம் என்றே தொடங்குங்கள், அதாவது தோட்டாப் பெட்டி மொழியில் 65. அளந்து வேறு மாதிரி வந்தால் அப்போது யோசிக்கலாம்.

பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துத் துப்பாக்கிகளும் இந்தியாவுக்கு நிறைய வந்தன. முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற மூன்றெழுத்து அதன் அடையாளம். பழைய ஐரோப்பியக் கண்டத்துத் துப்பாக்கியில் நீளம் பொறிக்கவில்லை என்றால் அதையும் 65 என்றே வைத்துக்கொண்டு தொடங்கலாம். அமெரிக்காவில் அரசு சோதனைக் கூடமே கிடையாது. அங்கிருந்து வந்ததை அளந்துதான் ஆக வேண்டும்.

என் துப்பாக்கி 12 போர். ஆனால் அடியில் 13 என்று இருக்கிறதே?

பயப்பட ஒன்றுமில்லை. அது சேம்பர் எண் அல்ல, குழலின் உள்விட்டம். 1887 முதல் 1954 வரை அந்த விட்டத்தையும் போர் எண்ணாகவே பொறித்தார்கள்: 12 என்றால் 0.729 அங்குலம், 13-க்குக் கீழே 1 போட்டிருந்தால் 0.719, வெறும் 13 என்றால் 0.710. சேம்பர் 12 ஆகவே இருந்து குழல் சற்று இறுக்கமாகக் கடையப்பட்டிருந்தால் இப்படி வரும். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், பின்னால் உதவும். 13 என்று பொறித்த குழலை இன்று அளந்தால் 0.735 வருகிறது என்றால், இடையில் யாரோ துருப்பள்ளத்தைத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள், சுவர் அந்த அளவுக்கு மெலிந்திருக்கிறது.

முத்திரையில் 2½ என்று தெளிவாக இருக்கிறது. பிறகும் அளக்க வேண்டுமா?

வேண்டும். முத்திரை சொல்வது சோதனைக் கூடத்தை விட்டு வெளியே வந்த நாளின் நிலை. அதற்குப் பிறகு எழுபது, எண்பது வருடங்களில் எத்தனையோ கைகள் மாறியிருக்கும். 65 தோட்டா கிடைக்காத காலத்தில் சேம்பரை 70-க்குக் கடைந்துவிட்ட துப்பாக்கிகள் உலகெங்கும் உண்டு. கடைந்தவர் மறுசோதனைக்கு அனுப்பியிருந்தால் புது முத்திரை இருக்கும். அனுப்பாதவர்களே அதிகம்.

அப்படிப்பட்ட துப்பாக்கியை அளந்தால் 70 வரும், முத்திரையில் 2½ இருக்கும். எதை நம்புவது? இரண்டையும் நம்பலாம், இரண்டும் உண்மைதான். இடம் 70-க்கு இருக்கிறது, வலிமை சோதிக்கப்பட்டது 65-க்கு. தோட்டா வாங்கும்போது வலிமையைத்தான் பார்க்க வேண்டும்.

ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை உள்ளே விட்டு அளந்தால் போதாதா?

நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதில் வாங்கிய குட்டைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் இருந்தது பர்மிங்ஹாமில் செய்த பாக்ஸ்லாக் வகைத் துப்பாக்கி. மேல்பட்டையில் பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ் என்று இருக்கும். கடிகாரக் கடையாகவே நமக்குத் தெரிந்த அதே பெயர்தான். அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றார்கள். அடியில் சாய்சதுரத்துக்குள் 12-ம் சி-யும். நீளம் இல்லை. மேஜை டிராயரிலிருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்து விட்டேன். போய் முட்டியது. பின்முகத்தில் கண்ணை வைத்துப் படித்தால் 72 மி.மீ. "அட, எழுபதுக்கும் மேலேயே இருக்கே!" என்று சந்தோஷமாகிவிட்டது.

தப்பு ஸ்கேலின் அகலத்தில் இருந்தது. அந்த வகை ஸ்கேல் முக்கால் அங்குல அகலம், அதாவது 19.05 மி.மீ. சேம்பர் முடியும் இடத்தின் விட்டம் 20.27. ஆகவே ஸ்கேல் சேம்பர் முடிவில் நிற்கவே நிற்காது. கூம்புக்குள் நுழைந்து, விட்டம் 19.05-க்குக் குறுகும் இடத்தில்தான் முட்டும். கூம்பு அரை அங்குல நீளம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 12.7 மி.மீ. தூரத்தில் விட்டம் 1.77 மி.மீ. குறைகிறது. 1.22 மி.மீ. குறைய வேண்டும் என்றால் ஏறக்குறைய 8.75 மி.மீ. உள்ளே போக வேண்டும். என் 72-இல் அதைக் கழித்தால் 63 சொச்சம். சாட்சாத் 2½ அங்குலச் சேம்பர்.

யாராவது கூம்பை ஒன்றரை அங்குலத்துக்கு நீட்டியிருந்தால் இதே ஸ்கேல் 26 மி.மீ. கூடுதலாகக் காட்டும். 65 சேம்பரை மூன்றரை அங்குலம் என்று சொல்லும்! இதில் பிழை எப்போதும் ஆபத்தான பக்கமே விழுகிறது என்பதுதான் மோசம். குட்டையை நெட்டை என்று காட்டுமே தவிர, நெட்டையைக் குட்டை என்று காட்டாது.

சரி, எதைக் கொண்டு அளப்பது?

இதற்கென்றே சேம்பர் கேஜ் விற்கிறார்கள். சேம்பரின் முன்விட்டத்துக்குக் கடைந்த ஒரு துண்டு. மேலே 2½, 2¾, 3 என்று கோடு கிழித்திருக்கும். உள்ளே நழுவவிட்டு, பின்முகத்தோடு எந்தக் கோடு நேராக நிற்கிறது என்று படித்தால் முடிந்தது. துப்பாக்கி பழுதுபார்க்கும் கடைகளில் இருக்கும்.

வாங்க முடியாவிட்டால் ஒரு பித்தளைத் தகடே போதும். ஒரு மில்லிமீட்டர் கனம், நான்கு அங்குல நீளம். அகலம் மட்டும் சொன்னபடி இருக்க வேண்டும்: 20.2 மி.மீ. அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, மூன்று நாலு இடத்தில் வெர்னியர் வைத்துப் பாருங்கள். முன்விளிம்பு மூலைமட்டத்துக்கு நேராக இருக்கட்டும். மூலையை உருட்டிவிடாதீர்கள், பிசிறை மட்டும் எடுங்கள். மூலைதான் கூம்பைத் தொட்டு நிற்கப்போகிறது.

20.27 என்று சொல்லிவிட்டு ஏன் 20.2? சேம்பர் நேரான குழாய் அல்ல. பின்முனை சற்று அகலம், முன்னே போகப் போகக் குறுகும். அங்குலத்துக்கு ஏறத்தாழ 0.13 மி.மீ. தகடு 0.1 மி.மீ. கூடுதல் அகலமாகிவிட்டால் சேம்பர் முடிவதற்கு 20 மி.மீ. முன்பே சுவரில் சிக்கி நின்றுவிடும், படிப்பது வெறும் பிதற்றலாக இருக்கும். அதே 0.1 மி.மீ. குறைவாக இருந்தாலோ, அரை அங்குலக் கூம்பில் பிழை முக்கால் மில்லிமீட்டருக்குள். ஆகவே ஒரு மயிரிழை குறைத்தே செய்யுங்கள்.

அளக்கும் முறை?

முதலில் சுத்தம். பிளாஸ்டிக் கூடு வரும் முன் காகிதக் கூடு, அதற்கு முன் என்னவெல்லாமோ, எல்லாவற்றின் கசடும் சேம்பர் முடிகிற அந்த வளையத்தில்தான் படிந்திருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட வெண்கலப் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். கசடு இருந்தால் அளவு குறைந்து காட்டும்.

குழலைத் துப்பாக்கியிலிருந்து கழற்றிவிட்டு, வாய் கீழே இருக்கும்படி ஒரு பழைய தலையணையில் நிறுத்துங்கள். தோட்டாவை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் துருத்திக்கொண்டிருந்தால் விரலால் அழுத்திப் பின்முகத்தோடு சமமாக்குங்கள். இதை மறந்து எக்ஸ்ட்ராக்டர் தலையிலிருந்து படித்து, கூடுதலாகச் சொல்கிறவர்கள் நிறைய. தகட்டை அதன் எடையிலேயே இறக்குங்கள். தள்ள வேண்டாம். ஒரு மெல்லிய "டக்" கேட்கும். பின்முகத்தோடு நேராக ஊசியால் கீறி, வெளியே எடுத்து வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். தகட்டைக் கால் சுற்று திருப்பி மறுபடியும். பிறகு இன்னொரு முறை. மூன்றும் அரை மில்லிமீட்டருக்குள் வந்தால் சரி.

அடுத்த குழலையும் தனியாக அளக்க வேண்டும். ஒரு குழலை மட்டும் கடைந்துவிட்டு மற்றதை அப்படியே விட்ட துப்பாக்கியை நான் கையில் பிடித்திருக்கிறேன். ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

சும்மா வெளிச்சத்தில் பார்த்தே தெரியாதா?

ஓரளவு தெரியும். குழல் வாயை வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திருப்பி, பின்னாலிருந்து பார்த்தால் சேம்பர் முடிகிற இடத்தில் நிழல் வளையம் ஒன்று விழும். பழைய துப்பாக்கிகளில் கூம்பு குட்டை, சரிவு செங்குத்து, அதனால் வளையம் கத்தியால் கீறியதுபோல் இருக்கும். வளையம் மங்கலாக, எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடாமல் இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

சுட்ட காலிக் கூட்டை விட்டுப் பார்க்கலாமா?

கூடாது என்றில்லை, பயனில்லை. பிளாஸ்டிக் வாய் வளைந்துகொடுத்துக் கூம்புக்குள் போய்விடும். தோட்டாவையே விட்டுப் பார்ப்பது பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கூம்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. வேறு வழி?

வார்ப்பு எடுப்பது. செரோசேஃப் என்று ஓர் உலோகக் கலவை விற்கிறது. பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் சேர்ந்தது. 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், அதாவது கொதிக்கும் நீரின் சூடுகூடத் தேவையில்லை. கூம்புக்கு முன்னால் குழலுக்குள் துணியை இறுக்கமாக அடைத்து, சேம்பரில் லேசாக எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, பின்பக்கமிருந்து ஊற்றுவார்கள். ஆறும்போது முதல் அரை மணி நேரம் சற்றுச் சுருங்கும்; அப்போதே தட்டி வெளியே எடுத்துவிட வேண்டும். பிறகு மெல்ல விரிந்து, ஊற்றி ஒரு மணி நேரம் ஆகும்போது சேம்பரின் அளவுக்கே வந்துவிடும். அந்த நேரத்தில் வெர்னியரை வையுங்கள். மறுநாள் அளந்தால் அளவு கூடியிருக்கும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது தனி மகிழ்ச்சி அது. குழலுக்குள் எட்டிப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட இடமெல்லாம் உள்ளங்கையில் வெள்ளி விரல்போலக் கிடக்கும். கடைசல் கோடுகள், துருப்பள்ளம், கூம்பின் தொடக்கம், எல்லாம். ஈயமும் காட்மியமும் இருப்பதால் சமையலறையில் வேண்டாம். காற்றோட்டமான இடம், கையுறை, தனிப் பாத்திரம். பழையவர்கள் கந்தகத்தை உருக்கி ஊற்றி வார்ப்பெடுத்தார்கள். வரும், ஆனால் புகை தொண்டையைப் பிடுங்கும்.

63, 66, 68 என்று நடுவில் ஏதோ வருகிறது. எப்படி எடுத்துக்கொள்வது?

2½ அங்குலம் கணக்குப்படி 63.5 மி.மீ., அதைத்தான் பெட்டியில் 65 என்கிறார்கள். 2¾ என்பது 69.85, பேச்சில் 70. 3 அங்குலம் 76. அமெரிக்கப் பழந்துப்பாக்கிகளில் 2⅝ உண்டு, அது 66.7. இரண்டு அங்குலமே நீளமுள்ள மெல்லிய 12 போர்களும் இங்கிலாந்தில் செய்தார்கள், 50.8 மி.மீ.; அதில் 65-கூடப் போடக் கூடாது.

நடுவில் வந்தால் கீழே இருக்கும் அளவுக்கே இறங்குங்கள். 68 வந்தால் அது 65. "கிட்டத்தட்ட எழுபதுதானே" என்று மேலே ஏறக் கூடாது.

சேம்பரை 70-க்கு நீட்டிக்கொள்ளலாமா?

தொழில்நுட்ப ரீதியில் முடியும். ரீமர் என்ற கடைசல் கருவி வைத்துச் சில நிமிட வேலை. நான் செய்ய மாட்டேன். கடைவது சேம்பருக்கு முன்னால் உள்ள உலோகத்தை. அழுத்தம் உச்சத்தில் இருக்கும் பகுதியை ஒட்டிய இடம் அது. அங்கே சுவர் எவ்வளவு மிச்சம் என்று அளக்காமல் யாரும் ரீமரைத் தொடக் கூடாது. கடைந்தாலும் துப்பாக்கி 70-க்குரிய வலிமை பெற்றுவிடாது.

சட்டப் பக்கமும் உண்டு. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் அதற்கான உரிமம் வேண்டும். தெரிந்த லேத் பட்டறைக்காரர் நல்ல மனிதராக இருக்கலாம், கை நேர்த்தியாக இருக்கலாம். அவரிடம் கொடுத்தால் இரண்டு பேருமே மாட்டுவீர்கள்.

அப்படியென்றால் எந்தத் தோட்டா வாங்குவது?

65 என்று பெட்டியில் போட்டது. இங்கிலாந்துத் தோட்டாக்களில் 67 என்று போட்டு, கூடவே 65 மி.மீ. சேம்பருக்கு உகந்தது என்று அச்சிட்டிருப்பதுண்டு. தயாரித்தவரே அப்படிச் சொன்னால் ஏற்கலாம். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று 70 பெட்டியை நீட்டினால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். ரவை எடையையும் பாருங்கள், அடியில் 1⅛ அவுன்ஸ் என்று இருந்தால் 32 கிராம்தான் எல்லை. மேக்னம் என்ற சொல் இருந்தால் கனமாக அடைத்த தோட்டா அது, தொடவே வேண்டாம்.

குழலில் பாம்புத்தோல்போல வரிவரியாக இருக்கிறது. சேலத்து இரும்பு என்கிறார்களே?

டமாஸ்கஸ் குழல். நம் ஊர் உருக்கின் பெருமை பெரிது. கொடுமணலில் உருக்கு செய்த சான்றுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் இந்தக் குழலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, ஒரு தண்டில் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியது இது. அந்த முறுக்குதான் வரி.

இதில் சேம்பர் நீளம் இரண்டாவது கேள்வி. நைட்ரோ ப்ரூஃப் முத்திரை இல்லை என்றால் இது கருமருந்துக்குச் சோதித்த குழல். கடையில் கிடைக்கும் எந்தத் தோட்டாவும் இதற்கு வேண்டாம், 65-கூட வேண்டாம். முத்திரை இருந்தாலும் நூறாண்டுத் துரு உள்ளே என்ன செய்தது என்று தெரிந்தவர் பார்த்துச் சொல்லட்டும்.

16, 20 போருக்கும் இதே முறையா?

இதேதான், தகட்டின் அகலம் மட்டும் மாறும். சேம்பரின் முன்விட்டம் 16-க்கு ஏறத்தாழ 18.6 மி.மீ., 20-க்கு 17.4. பழைய 16 போரில் 65 மி.மீ. சேம்பர் மிகச் சாதாரணம், அதில் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

தாத்தா இறந்துவிட்டார், லைசென்ஸ் அவர் பெயரில். துப்பாக்கியை எடுத்து அளந்து பார்க்கலாமா?

வேண்டாம். லைசென்ஸ்காரர் போனபின் அது உங்கள் வீட்டில் இருப்பதே சட்டப்படி சரியல்ல. ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், வாரிசாக லைசென்ஸுக்கு மனுப் போடுங்கள். டீலரிடம் வைத்தால் ஒரு லாபம்: அவர் மேஜையிலேயே, அவர் கையாலேயே அளக்கச் சொல்லலாம்.

அளந்ததை எங்கே குறித்து வைப்பது?

துப்பாக்கியோடு போகிற இடத்தில். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம், பிள்ளைகள் காலத்தில் வேறு கைக்குப் போகும். நோட்டில் எழுதினால் நோட்டு ஒரு பக்கம் போய்விடும். நான் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஓர் அட்டையை ஒட்டியிருக்கிறேன்: "வலது 63.5. இடது 64. பித்தளைத் தகடு, மூன்று முறை. 65 தோட்டா மட்டும்." கீழே தேதி. என் பையன் அதற்குக் கீழே பென்சிலில் ஒரு வரி சேர்த்திருக்கிறான்: "ஸ்கேல் போட்டு அளக்காதே."